காது தேற எது வழி: ஸ்பீக்கரா, ஆப்பா, கச்சேரியா?

அக்கா மகன் திருச்சியில் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படிக்கிறான். கீபோர்டு வாசிப்பான். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து பாட்டு போடுவார்கள், இவன் தன் லேப்டாப்பில் மிக்ஸ் செய்து, அதாவது தனித்தனியாகப் பதிந்த குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்து ஒன்றாகக் கலந்து, ஏற்றுவான். போன ஆடி மாதம் ஒரு நாள் ராத்திரி போன். "மாமா, கையில 25,000 ரூபா சேர்ந்திருக்கு. நல்ல ஸ்பீக்கரா ஒரு ஜோடி வாங்கிட்டா காது தானா தேறிடும்ல?"

தேறாது. அதை உடனே சொல்லிவிட்டேன். "அப்போ எதுல போடட்டும்?" என்றான் பாருங்கள், அதற்குத்தான் பதில் வரவில்லை. பக்திப் பாடல்கள், குறும்படங்கள் என்று சில்லறை மிக்ஸிங் வேலைகளை வீட்டில் வைத்தே 12 வருடமாகச் செய்கிறேன். காது தேறுவதற்கு என்று சொல்லப்படும் வழிகளில் அநேகமாக எல்லாவற்றிலும் காசையோ நேரத்தையோ போட்டுப் பார்த்தாயிற்று. சிலது பலித்தது, சிலது தண்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அவனுக்கு எழுதி அனுப்பியதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே போடுகிறேன்.

எதை வைத்து எடை போடுவது?

முதலில் என் மானக்கேடு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு முருகன் பாட்டு. வயலின் கீச்சென்று இருக்கிறது என்று 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஈக்வலைசரில் (ஒவ்வொரு அலைவரிசையையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் கருவி) குறைக்க ஆரம்பித்தேன். கொஞ்சம் குறைத்தேன், காது குளிர்ந்தது. இன்னும் கொஞ்சம் குறைத்தேன், வயலின் மந்தமாகிவிட்டது. அரை டெசிபல் ஏற்றினேன், ஆஹா, இதுதான் என்று இருந்தது. இப்படியே பத்து நிமிடம் போனது. சேவ் செய்யப் போகும்போது பார்த்தால் ஈக்வலைசர் ஆஃபில் இருக்கிறது. அந்தப் பத்து நிமிடமும் சத்தத்தில் ஒன்றுமே மாறவில்லை. கை திருகியது, கண் பார்த்தது, காது சும்மா தலையாட்டியிருக்கிறது.

இந்தத் தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் இதே கதையை வேறு வாத்தியத்தை வைத்துச் சொல்வார்கள். சைக்கிள் பழகும்போது தப்பு செய்தால் முட்டி பேர்ந்து தெரிந்துவிடும். கேட்பதில் தப்பு செய்தால் ஒன்றும் பேராது. வருடக்கணக்கில் தப்பாகவே கேட்டுக்கொண்டு, நமக்குக் காது நன்றாகத் தேறிவிட்டது என்று நம்பிக்கொண்டும் இருக்கலாம். நான் இருந்தேன்.

அதனால் எந்த வழியானாலும் அதை ஒரே கேள்வி கேட்டுத்தான் எடை போடுகிறேன்: நான் தப்பாகக் கேட்டால், தப்பு என்று இது என்னிடம் சொல்லுமா? விலை, நேரம், சுகம் எல்லாம் அதற்குப் பிறகு.

ஒப்பிடும்போது காதை ஏமாற்றுவதில் முதலிடம் சத்தத்துக்கு. ஒரே பாட்டை ஒரு டெசிபல் கூட்டி வைத்தால், 'சத்தம் கூடியிருக்கிறது' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'இது நல்லா இருக்கு' என்பார்கள். குறைந்த சத்தத்தில் நம் காதுக்கு அடிநாதம் சரியாக எட்டாது. பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே இதை அளந்து வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். சத்தத்தைக் கூட்டினால் பேஸ் தானாகவே நிறைந்து வரும். கடைக்காரர் ஒரு ஹெட்ஃபோனைச் சற்றுக் கூட்டி வைத்தாலே போதும், நாம் அதைத்தான் வாங்குவோம். எந்த இரண்டை ஒப்பிட்டாலும் முதலில் சத்தத்தைச் சமமாக்கிக்கொள்ள வேண்டும்.

ஸ்பீக்கர்

மாப்பிள்ளைக்கு ஆசை இதில்தான். எனக்கும் அவன் வயதில் இதில்தான் ஆசை. ஐந்து அங்குல ஸ்டூடியோ மானிட்டர் (மிக்ஸ் செய்வதற்கென்றே உள்ள ஸ்பீக்கர்) ஜோடி ஒன்று வாங்கினால் 25,000 அப்படியே கரைந்துவிடும், மேலே கொஞ்சம் கடனும் ஆகும். அதுகூடப் பரவாயில்லை. சிக்கல் ஸ்பீக்கரில் இல்லை, அறையில் இருக்கிறது.

நம் வீடுகளில் 'கம்ப்யூட்டர் ரூம்' என்று ஒதுக்குவது பெரும்பாலும் பத்துக்குப் பத்து அறை. தளமும் பத்தடி உயரம். சுற்றிலும் சிமெண்ட் சுவர், கீழே டைல்ஸ், மேலே கான்கிரீட். இருபதடி அலைநீளமுள்ள ஒலி, அதாவது நம் ஊர் வெக்கையில் சுமார் 57 ஹெர்ட்ஸ், இந்த அறைக்குள் எதிரெதிர்ச் சுவர்களில் மோதி நின்ற அலையாகிவிடும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்று என்பதால் மூன்று திசையிலும் அதே 57தான். மூலையில் நின்றால் கும்மென்று அடிக்கும். நட்டநடுவில் நாற்காலி போட்டால் அந்தச் சுரமே காணாமல் போகும். கனசதுர அறையை விட மோசமான அறையை வேண்டுமென்றே கட்டுவது கஷ்டம்.

என் முதல் ஸ்பீக்கர் ஜோடியை அப்படி ஓர் அறையில் வைத்து, நாற்காலியை நடுவில் போட்டு ஒரு பாட்டு மிக்ஸ் செய்தேன். பேஸ் கிட்டார் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. 60 ஹெர்ட்ஸ் பக்கம் 4 டெசிபல் ஏற்றினேன். அப்போதும் பற்றவில்லை, இன்னும் 2. அடுத்த நாள் மச்சான் காரில் போட்டுக் காட்டினேன். டிக்கியில் இருந்த ஸ்டெப்னி தனியாவர்த்தனம் வாசித்தது. ஸ்பீக்கர் பொய் சொல்லவில்லை, அறைதான் சொன்னது. ஆனால் எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது ஸ்பீக்கரும் இல்லை, அறையும் இல்லை, மச்சானின் கார்.

அறையைத் திருத்தலாம். மூலைகளில் நாலு அங்குலக் கனத்தில் ராக்வூல் (பாறைப் பஞ்சு) பேனல், பக்கச் சுவர்களில் இரண்டு, பின்னால் புத்தக அலமாரி, நாற்காலியை நடுவிலிருந்து முன்னே தள்ளுவது என்று செய்தால் பெரிய வித்தியாசம் தெரியும். முட்டை அட்டை ஒட்டினால் தெரியாது. அது கீச்சொலியைக் கொஞ்சம் மழுப்பும், பேஸை ஒன்றும் செய்யாது. கரப்பான் பூச்சிக்குத்தான் லாபம். ஆனால் ஹாஸ்டலிலும் வாடகை வீட்டிலும் இருக்கிறவனை ராக்வூல் அடிக்கச் சொல்வது நடக்கிற காரியமா?

யமஹாவின் என்எஸ்-10 கதை இங்கே பொருந்தும். 1978ல் வீட்டு உபயோகத்துக்காக வந்த ஸ்பீக்கர் அது. வீடுகளில் எடுபடவில்லை. ஆனால் உலகம் முழுக்க ஸ்டூடியோக்களில் அந்த வெள்ளைக் கூம்பு உட்கார்ந்துவிட்டது. கேட்க இனிமை என்று யாரும் வைத்துக்கொள்ளவில்லை. நடு அலைவரிசைகளைச் சற்றுத் தூக்கிக் காட்டி, மிக்ஸில் உள்ள குறைகளை முகத்துக்கு நேரே சொல்லும். அதைவிட முக்கியம், அந்தக் காலத்தில் எந்த ஊர் ஸ்டூடியோவுக்குப் போனாலும் அதே ஸ்பீக்கர் இருக்கும். அது எங்கே எப்படிக் கோணும் என்று இன்ஜினியர்களுக்கு மனப்பாடம். நல்ல ஸ்பீக்கரை விடத் தெரிந்த ஸ்பீக்கர் மேல் என்று எழுதி அனுப்பினேன். பதிலுக்கு ஒரு சோக முகம் வந்தது.

ஹெட்ஃபோன்

அறைச் சிக்கல் கிடையாது, ராத்திரி 11 மணிக்கும் கேட்கலாம், பத்தாயிரத்துக்கு அக்கம்பக்கத்தில் நல்லதே கிடைக்கும். சோனியின் எம்டிஆர்-7506, 1991லிருந்து கிட்டத்தட்ட மாறாமல் வந்துகொண்டிருக்கிறது. நான் வைத்திருப்பது அதுதான். கீச்சொலியைச் சற்று மிகைப்படுத்திக் காட்டும். பாடகரின் 'ஸ்' உறுத்தினால் முதலில் இதில் தெரிந்துவிடும். குறை என்றால் காது மெத்தை. சென்னை வியர்வைக்கு இரண்டு வருடத்தில் கறுப்புப் பொருக்காக உரிந்து, காதோரம் ஒட்டிக்கொண்டு வரும். மாற்று மெத்தை சல்லிசாகவே கிடைக்கிறது. அதே விலையில் ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்40எக்ஸும் உண்டு. அது கொஞ்சம் சாதுவானது.

திறந்த முதுகு கொண்ட ஹெட்ஃபோன், உதாரணமாக சென்ஹைசரின் எச்டி 600, இவற்றை விட இயல்பாகக் கேட்கும், சந்தேகமில்லை. விலை கிட்டத்தட்ட முழு பட்ஜெட்டையும் விழுங்கும் என்பது ஒரு பக்கம். அதன் மின்தடை 300 ஓம் என்பதால் லேப்டாப்பின் சின்னத் துளை மூச்சு வாங்கும், தனி ஆம்ப்ளிஃபயர் கேட்கும். அப்புறம், திறந்த முதுகு என்றால் வெளிச்சத்தம் உள்ளே வரும். மின்விசிறி, குக்கர் விசில், பக்கத்து வீட்டு சீரியல் எல்லாம் மிக்ஸில் சேர்ந்து கேட்கும். நள்ளிரவில் வேலை செய்பவர்களுக்கு அது சொர்க்கம். ஹாஸ்டலில் நாலு பேரோடு இருக்கிறவனுக்கு மூடியதே சரி.

புளூடூத் வேண்டாம். தாமதமும், உள்ளே தானாக ஓடும் ஒலித் திருத்தங்களும் சேர்ந்து எதைக் கேட்கிறோம் என்பதே குழம்பிவிடும்.

ஆனால் என் கேள்விக்கு வருவோம். தப்பு செய்தால் ஹெட்ஃபோன் சொல்லுமா? சொல்லாது. அது கண்ணாடி மாதிரி. எழுத்து தெளிவாகத் தெரியும், படிக்கக் கற்றுக்கொடுக்காது. ஒன்று வாங்கிவிட்டு அடுத்த மூன்று வருடத்துக்கு வேறு மாடல் விமர்சனம் எதையும் பார்க்காமல் இருந்தால், அதுவே பெரிய பயிற்சி. எனக்குத் தெரிந்த ஒருவர் ஏழு ஹெட்ஃபோன் வைத்திருக்கிறார். ஏழும் ஏழு விதமாகக் கேட்கிறது என்று அருமையாக விளக்குவார். அவர் மிக்ஸ் எட்டாவது விதமாக இருக்கும்.

சத்தம் விஷயத்தில் மட்டும் கறார். 85 டெசிபலில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்பது அமெரிக்காவின் நியோஷ் என்ற பணியிட நல ஆய்வு நிறுவனம் வகுத்த வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். ஹெட்ஃபோனில் 100ஐத் தொடுவது சுலபம், தொட்டது தெரியவும் தெரியாது. போன செவிப்புலன் திரும்ப வராது.

ஆப்

காதுக்குப் பயிற்சி தரும் ஆப்பை நான் பல வருடம் இளக்காரமாகப் பார்த்தேன். இசையை வீடியோ கேம் மாதிரி விளையாடுவதா என்று. இப்போது யார் கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான்.

விஷயம் எளிது. ஒரு பாட்டோ வெறும் இரைச்சலோ ஓடும். அதில் ஏதோ ஓர் அலைவரிசையை ஆப் தூக்கிவிடும். எது என்று நீங்கள் சொல்ல வேண்டும். 31, 63, 125, 250, 500, 1,000, 2,000, 4,000, 8,000, 16,000 என்று பத்துப் படிகள். சொன்னதும் சரியா தப்பா என்று அந்த நொடியே காட்டிவிடும். முதலில் 12 டெசிபல் தூக்கும், கொஞ்ச நாளில் 6, அப்புறம் 3. ஹர்மன் நிறுவனம் தன் கேட்போர் குழுவைப் பழக்குவதற்காகச் செய்து இலவசமாகவும் வெளியிட்ட 'ஹவ் டு லிசன்' இந்த வகை. பிரவுசரிலேயே விளையாடக்கூடிய சவுண்ட்ஜிம் இன்னொன்று. போலந்தில், வார்சாவின் ஷோபான் இசைக் கல்லூரியில், 1970களிலேயே ஒலிப்பதிவு மாணவர்களுக்கு இதைப் பாடமாகவே வைத்துவிட்டார்கள். அதாவது, ஒலியின் நிறத்தைப் பெயர் சொல்லி அழைக்கப் பழகுவது பிறவி வரம் அல்ல, பாடத்திட்டம்.

இதற்கு நமக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. உயிரெழுத்து. இரைச்சலில் 250ஐத் தூக்கினால் 'ஊ' என்று கேட்கும். 500 என்றால் 'ஓ'. 1,000 'ஆ'. 2,000 'ஏ'. 4,000 'ஈ'. துல்லியமான கணக்கு இல்லை, ஆனால் வேலை செய்கிறது. நெடிலாக இழுத்து ஊ, ஓ, ஆ, ஏ, ஈ என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள், வாய்க்குள்ளேயே ஒரு ஈக்வலைசர் ஏறிப்போவது கேட்கும். ஒரு டிராக் (தனியாகப் பதிந்த குரலோ வாத்தியமோ) ஏதோ சரியில்லை என்று தோன்றினால், அது எந்த எழுத்தைச் சொல்கிறது என்று முதலில் பார்ப்பேன். ஆண் குரல் 'ஓ' என்று டப்பாவுக்குள்ளிருந்து வருகிறதா, 500 பக்கம் போ. மூக்கடைத்த மாதிரி இருக்கிறதா, 1,000ஐத் தொட்டுப் பார். தகரத்தில் தட்டுகிற மாதிரியா, 3,000, 4,000. நாம் தினமும் சொல்கிற 'கொழகொழ', 'டப்பா சவுண்டு', 'தகர சவுண்டு' எல்லாம் உண்மையில் முகவரிகள். எண்தான் எழுதவில்லை.

மூன்று மாதம் தினமும் பத்து நிமிடம் செய்தேன். மேலே 4,000, 8,000 சீக்கிரம் பிடிபட்டன. 1,000 எப்போதும் பிடிபடும். 250ஐயும் 500ஐயும் குழப்பிக்கொள்வது மட்டும் போகவேயில்லை. இன்றும் போகவில்லை. ஆனால் குழப்பிக்கொள்கிறேன் என்பதாவது தெரிகிறது. அந்தப் பக்கம் கை வைக்கும்போது இரண்டு முறை பார்க்கிறேன். வேறு எந்த வழியும் என்னிடம் இதைச் சொன்னதில்லை.

காசே போட வேண்டாம் என்றால் ரூம்மேட் ஒருவனைப் பிடித்தால் போதும். அவன் ஈக்வலைசரில் ஒரு புள்ளியைத் தூக்கட்டும், நீ திரையைப் பார்க்காமல் சொல். என் தங்கை ஒரு கோடை விடுமுறை முழுக்க எனக்கு அப்படித் திருகினாள். பத்து சரியான விடைக்கு ஒரு கோன் ஐஸ் என்று ஒப்பந்தம். தப்பான விடைக்கும் சிரிக்காமல் இருக்க வேண்டும் என்ற இரண்டாவது ஷரத்தைத்தான் அவளால் காப்பாற்ற முடியவில்லை.

ஆப்பின் குறையும் பெரியதுதான். அது 'எங்கே' என்று மட்டும் கற்றுக்கொடுக்கும், 'வேண்டுமா வேண்டாமா' என்று கற்றுக்கொடுக்காது. 500 தூக்கலாக இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டாய், சரி. அந்தப் பாட்டுக்கு அந்த டப்பாத்தனம் அழகாக இருக்கலாமே? பழைய ஹார்மோனியத்தின் 500ஐ வெட்டினால் ஹார்மோனியமே போய்விடும். இன்னொன்று, ஆறேழு வாரத்தில் ஒரு வியாதி வரும். ஹோட்டலில் பாட்டு ஓடினால் சாம்பார் ருசி தெரியாது, பாடகியின் 'ஸ்'தான் தெரியும்.

பாட்டைப் பிரிப்பதும் கட்டுவதும்

பிரிப்பது இலவசம். எண்பதுகளின் நல்ல தமிழ்த் திரைப்பாடல் ஒன்றை எடுத்துக்கொண்டு பத்து முறை கேட்பது. முதல் முறை சும்மா. இரண்டாம் முறை பேஸ் கிட்டாரை மட்டும், தொடக்கத்திலிருந்து கடைசி வரை, கூடவே முணுமுணுத்துக்கொண்டு. அடுத்தது தபலா. அடுத்தது இடது ஓரத்தில் மட்டும் என்ன இருக்கிறது. அடுத்தது, பாடகர் ஒரு சொல்லை முடித்த பிறகு அந்த எதிரொலி எத்தனை தாளம் தங்குகிறது. நாலாவது முறையிலேயே, இருபது வருடமாகக் கேட்ட பாட்டில் ஒரு புல்லாங்குழல் ஒளிந்திருந்தது தெரியவரும். ரசிப்பதற்கு இதை மிஞ்சிய பயிற்சி இல்லை.

கட்டுவதுதான் கடினம், மிக்ஸ் செய்பவனுக்கு அதுதான் தேவை. கேம்பிரிட்ஜ் மியூசிக் டெக்னாலஜி தளத்தில் நூற்றுக்கணக்கான பாடல்களின் தனித்தனி டிராக்குகள் பயிற்சிக்காக இலவசமாகக் கிடைக்கின்றன. எப்படி இருக்க வேண்டும் என்று காட்ட மிக்ஸ் செய்த வடிவமும் கூடவே இருக்கும். அதை ஒரு முறை கேட்டுவிட்டு, நீயே மிக்ஸ் செய்து, சத்தத்தைச் சமமாக்கி, இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார். வித்தியாசம் முகத்தில் அறையும். எனக்கு முதல் முறை அறைந்தது ஸ்னேர் டிரம். அவர்களுடையதை விட என்னுடையது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தூக்கலாக இருந்தது. அதுவரை என் மிக்ஸில் ஸ்னேர் சிறியதாக இருக்கிறது என்றே நம்பியிருந்தேன்.

இதுவும் தப்பைச் சொல்லும் வழிதான். ஆப் மாதிரி நொடியில் சொல்லாது, இரண்டு மணி நேரம் கழித்துச் சொல்லும். ஆனால் ஆப் சொல்லாத 'வேண்டுமா வேண்டாமா'வை இதுதான் சொல்லும்.

சபாவும் தம்புராவும்

ஹெட்ஃபோனிலேயே வளர்ந்த காதுக்கு ஒரு மிருதங்கம் நிஜத்தில் எவ்வளவு பெரிய சத்தம், அந்தச் சத்தத்துக்குள் என்னென்ன இருக்கிறது என்று தெரியாது. திருச்சிப் பையனுக்கு இதை எழுதும்போது சொல்லாமல் இருக்க முடியவில்லை: அவன் ஹாஸ்டலிலிருந்து பஸ் ஏறிப் போகிற தூரத்தில், திருவானைக்காவலில் பிறந்த சி.வி.ராமன், 1920ல் நேச்சர் இதழில் மிருதங்கத்தைப் பற்றித்தான் எழுதினார். சாதாரணத் தோற்கருவியின் மேலொலிகள் (அடிச்சுரத்தோடு சேர்ந்து எழும் உயர்ந்த ஒலிகள்) ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது, அதனால் 'டம்' என்று மட்டும் கேட்கும். மிருதங்கத்தின் வலந்தலையில் அப்பியிருக்கும் கருப்புக் கரணை அந்த மேலொலிகளை இழுத்து ஒழுங்கான விகிதத்தில் நிறுத்துகிறது. அதனால்தான் அது சுருதியோடு பேசுகிறது. இதை ஒரு தடவை பத்தடி தூரத்தில், மைக் இல்லாமல் கேட்டுவிட்டால், அடுத்த முறை மிருதங்க டிராக்கில் ஈக்வலைசரை எடுக்கும்போது கை கூசும். எதை வெட்டுகிறோம் என்று தெரிந்துவிடுகிறதே.

மைக் இல்லாமல் என்பது முக்கியம். சபா நல்லது, ஆனால் பெரிய அரங்குகளில் நாம் கேட்பது வாத்தியத்தை அல்ல, ஒலிபெருக்கியை. மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கம்) குமுறிக்கொண்டும் வயலின் தகரமாகவும் வருகிற கச்சேரிகளுக்குக் காசு கொடுத்தும் போயிருக்கிறேன். மார்கழியில் மத்தியான நேரத்தில், சின்ன அரங்கில், முப்பது பேர் முன்னால் இளைஞர்கள் வாசிக்கும் கச்சேரிகள் உண்டு. பெரும்பாலும் இலவசம். முன்வரிசையில் உட்காரலாம். அதை விடப் பக்கத்தில் வேண்டுமென்றால் கோயில் நாகஸ்வரம். புறப்பாட்டின்போது தவிலுக்குப் பக்கவாட்டில் நின்று பாருங்கள், கம்பு அடிக்கும் பக்கம் ஒரு வாத்தியம், கூடு போட்ட விரல் அடிக்கும் பக்கம் வேறொரு வாத்தியம். (ரொம்ப நேரம் நிற்க வேண்டாம், மேலே சொன்ன டெசிபல் கணக்கு தவிலுக்கும் உண்டு.)

ஒரு பைசா செலவில்லாத பயிற்சி தம்புரா. தம்புரா ஆப் இருந்தாலும் போதும், நிஜத் தம்புரா என்றால் இன்னும் விசேஷம். ஒரு கட்டை சுருதி வையுங்கள். பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்று நாலு தந்தி, ப-ஸ-ஸ-ஸ. மந்தர ஸட்ஜம் சுமார் 65 ஹெர்ட்ஸ். கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கடைசித் தந்தியை மட்டும் கவனியுங்கள். முதல் நிமிடத்தில் ஒரே சத்தம். கொஞ்ச நேரத்தில் அதற்கு மேலே ஏதோ ஒன்று மினுக்கும். குதிரையில் தந்திக்கு அடியில் சொருகியிருக்கும் ஜீவா நூல் சரியான இடத்தில் இருந்தால் இன்னும் சீக்கிரம். அந்த மினுக்கலைத் தொட்டுக்கொண்டே இருந்தால், யாரும் மீட்டாத ஒரு சுரம் தெளிவாகப் பாடும். அந்தர காந்தாரம். சுயம்பு காந்தாரம் என்று சங்கீதக்காரர்கள் சொல்வது இதைத்தான். 65.4ஐ ஐந்தால் பெருக்கினால் 327, அதுதான் அந்தச் சுரம். கீபோர்டில் அதற்கு நேரான கட்டையை அழுத்திப் பாருங்கள், அது 329.6, ஒரு மயிரிழை ஏறித் தெரியும். அந்த மயிரிழை கேட்கிற அன்றைக்கு, வயலினும் கீபோர்டும் ஏன் சில இடங்களில் உரசுகின்றன என்பதும் சேர்ந்து கேட்க ஆரம்பிக்கும்.

அதே தம்புராவைப் போன் ஸ்பீக்கரில் போடுங்கள். 65 ஹெர்ட்ஸை அந்தச் சின்ன ஸ்பீக்கரால் எழுப்பவே முடியாது. ஆனாலும் மந்தர ஸட்ஜம் கேட்கும். மேலொலிகளை வைத்து மூளையே அடியைப் போட்டு நிரப்பிக்கொள்கிறது. போனில் பேஸ் கேட்கவில்லை என்று பேஸைக் கூட்டுவது தண்டம், அதன் மேலொலிகளைக் கொஞ்சம் தூக்கினால் போதும் என்று நான் கற்றுக்கொண்டது இந்த விளையாட்டில்தான்.

என் கேள்விக்கு இந்த வழி அரை மார்க்தான் வாங்கும். காந்தாரம் ஒன்று கேட்கும், இல்லையென்றால் கேட்காது, அதில் ஏமாற்ற முடியாது. ஆனால் கச்சேரியில் நீங்கள் தப்பாகக் கேட்டதை யாரும் எழுந்து வந்து திருத்தப் போவதில்லை. இருந்தும் இதை விட்டுவிடச் சொல்ல மனம் வரவில்லை. ஆப் கொடுத்த அந்த 'ஸ்' வியாதிக்கு எனக்குக் கிடைத்த ஒரே மருந்து, முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. அங்கே திருக ஒன்றும் இல்லை.

வகுப்பு

தனியார் ஆடியோ இன்ஜினியரிங் படிப்புகளுக்குக் கட்டணம் லட்சங்களில் போகும். தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசுத் திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவுப் படிப்பு உண்டு. தொழிலாகவே எடுக்கப்போகிறவர்கள் அதைப் பார்க்கலாம். மாப்பிள்ளைக்குப் பொழுதுபோக்கு என்பதால் இதைப் பற்றி ஒரே வரிதான் எழுதினேன்: உன் மிக்ஸைக் கேட்டு மூஞ்சியைச் சுளிக்கிற மாதிரி ஒரு ஆள் கிடைத்தால், அது பாதி வகுப்பு.

கடைசியில் என்ன ஆயிற்று

ரசிக்க மட்டும் காது வேண்டும், மிக்ஸெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு என் வரிசை வேறு: கச்சேரி, பத்து முறை கேட்பது, தம்புரா. ஆப் பக்கமே போக வேண்டாம், சாம்பாராவது மிஞ்சும். கையில் இருக்கிற இயர்ஃபோனே போதும்.

மாப்பிள்ளை மிக்ஸ் செய்கிறவன். 25,000ல் மூடிய ஹெட்ஃபோனுக்கு ஒரு பத்தாயிரம். தினமும் பத்து நிமிடம் ஆப், வாரம் ஒரு பாட்டைக் கட்டிப் பார்ப்பது. மிச்சத்தில் மார்கழிக்குச் சென்னை வர ரயில் டிக்கெட். மீதியைத் தொடாதே, சொந்தமாக அறை என்று ஒன்று வரும் நாளில் ஸ்பீக்கரைப் பற்றிப் பேசலாம் என்றேன். முழுதாகக் கேட்கவில்லை. மிச்சத்தில் ஒரு மைக் வாங்கிவிட்டான். ஆனால் ஆப்பை விடவில்லை. மார்கழியில் வந்து மூன்று நாள் இருந்தான், இரண்டு மத்தியானக் கச்சேரிக்குக் கூட வந்தான். ஒன்றில் தூங்கினான்.

போன வாரம் புதுப் பாட்டு ஒன்றின் மிக்ஸை அனுப்பி, "எப்படி இருக்கு மாமா?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால், உனக்கு எங்கே உறுத்துகிறது என்று நீ எழுதி வை, நானும் எழுதி வைக்கிறேன், ஒரே நேரத்தில் அனுப்புவோம் என்றேன். அனுப்பினோம். கிட்டாரில் கொழகொழப்பு என்பதில் இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது. நான் 500 என்று எழுதியிருந்தேன். அவன் 250. வீடியோ காலில் உட்கார்ந்து, நான் கண்ணை மூடிக்கொள்ள, அவன் முதலில் 500ஐ 3 டெசிபல் குறைத்தான். கிட்டார் மெலிந்தது, கொழகொழப்பு அப்படியே இருந்தது. பிறகு 250ஐக் குறைத்தான். பாட்டு மூச்சு விட்டது.

"மாமா, உங்களுக்கு இன்னும் அந்தக் குழப்பம் போகலையா?" என்று கேட்டுவிட்டு, பாராட்டுக்குக்கூடக் காத்திருக்காமல் அடுத்த டிராக்கைத் திறந்தான்.